மீனில் இருக்கும் புழு உடலுக்குள் போனால் என்ன நடக்கும்? சயான் கோலிவாடா முதல் மதுரை கண்மாய் வரை

ஆபீஸில் வருடாவருடம் எடுக்கச் சொல்லும் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டை நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்? சுகர், கொலஸ்ட்ரால், வைட்டமின் டி. மீதியைப் பார்க்காமல் பிடிஎஃப்பை மூடிவிடுவீர்கள். அடுத்த முறை ரத்த அணுக்கள் இருக்கும் பக்கத்தில் 'ஈசினோஃபில்' என்ற வரியையும் கொஞ்சம் பாருங்கள். வெள்ளை அணுக்களில் ஒரு வகை அது. வழக்கமாக 1 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். அங்கே 9, 12 என்று தடித்த எழுத்தில் வந்திருந்தால் லேப்பில் இருப்பவர் "ஏதாவது அலர்ஜியா இருக்கும்" என்பார். டாக்டரோ "கடைசியா எப்போ பூச்சி மாத்திரை போட்டீங்க?" என்று கேட்பார்.

இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். நம் உடலில் அலர்ஜிக்கு ஒரு படை, புழுவுக்கு வேறொரு படை என்று தனித்தனியாக இல்லை. இரண்டையும் கவனிப்பது ஒரே படைதான். மீன் வழியாக வரும் ஒட்டுண்ணிகள் செய்யும் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈசினோஃபில் கூடியிருந்தால் மீன்தான் காரணம் என்று அர்த்தமில்லை. ஆஸ்துமா, தூசி அலர்ஜி, சில மருந்துகள், மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள், யானைக்கால் நோய்க் கிருமி என்று நம் நாட்டில் அதற்குக் காரணங்கள் நிறைய. மீன் அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் யாரும் கேட்காத கேள்வியும் அதுதான்.

சயானில் இருந்து பார்த்தால்

சயான் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கம் போனால் கோலிவாடா வரும். மேற்குப் பக்கம் தாராவி, அதையும் தாண்டினால் பிகேசி. இரண்டு பக்கமும் மீன் உண்டு, ஆனால் அது தட்டுக்கு வரும் விதம் வேறு. பிரிவினைக்குப் பிறகு பஞ்சாபி அகதிகள் வந்து குடியேறிய சயான் கோலிவாடாவில் பிறந்ததுதான் இன்று நாடு முழுக்க மெனு கார்டில் இருக்கும் 'பிரான்ஸ் கோலிவாடா'. கடலை மாவு, மிளகாய்த்தூள், கொதிக்கும் எண்ணெய். தாராவியில் திருநெல்வேலிக் குடும்பங்களின் அடுப்பில் புளி கரைத்த குழம்பில் பாங்டா தளதளவென்று கொதிக்கும். அந்தப் பாங்டாவை ஊரில் அயிலை என்றோ கானாங்கெளுத்தி என்றோ சொல்வார்கள். பிகேசியில் டீம் லஞ்ச் என்றால் சுஷியும் சஷிமியும் வருகின்றன. பத்து வருடத்துக்கு முன்பு இந்த வாசகர்களில் எத்தனை பேர் பச்சை மீன் சாப்பிட்டிருப்பீர்கள்?

பச்சை மீனே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குழம்பிலிருந்து சஷிமிக்கு மாறும்போது உணவோடு சேர்ந்து ஆபத்தின் கணக்கும் மாறுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

வழி தவறி வந்த புழு

கடல்மீன் ஒட்டுண்ணிகளில் அதிகம் பேசப்படுவது அனிசாகிஸ் என்ற உருளைப்புழு. அதன் உண்மையான வீடு திமிங்கலம், டால்ஃபின் போன்ற கடல் பாலூட்டிகளின் வயிறு. முட்டை கடலில் விழும். குஞ்சை இறால் மாதிரியான சின்ன உயிரிகள் தின்னும், அவற்றை மீனும் கணவாயும் தின்னும், மீனைத் திமிங்கலம் தின்னும். வட்டம் முடிந்தது. நடுவில் மனிதன் மீனைப் பிடித்துப் பச்சையாகச் சாப்பிட்டால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த இளம்புழு தவறான வயிற்றில் வந்து விழுகிறது. இங்கே அதனால் வளர முடியாது, முட்டை போட முடியாது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ செத்துவிடும்.

அப்படியென்றால் என்ன பிரச்சினை? சாவதற்கு முன் அது இரைப்பைச் சுவரையோ குடல் சுவரையோ துளைக்கப் பார்க்கிறது. 1960ல் நெதர்லாந்தில் வான் தீல் என்ற ஆய்வாளர், லேசாக உப்பு போட்ட ஹெர்ரிங் மீனைச் சாப்பிட்டுக் கடும் வயிற்றுவலியோடு வந்தவர்களின் குடலில் இந்தப் புழுவை அடையாளம் கண்டார். அவர்கள் குடல் வீங்கிக் கிடந்தது. புழு இருந்த இடத்தைச் சுற்றிக் கும்பல் கும்பலாக நின்றவை ஈசினோஃபில்கள். வீக்கத்தில் பெரும்பகுதி புழு செய்ததல்ல, அதைப் பிடிக்க வந்த படை செய்தது. 1968ல் நெதர்லாந்து அரசு ஹெர்ரிங்கை உறைய வைத்த பிறகே விற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அதன்பின் அங்கே நோய் வெகுவாகக் குறைந்துபோனது.

இந்தியக் கடல் மீன்களிலும், குறிப்பாக வாளை மீனில், இந்தக் குடும்பத்துப் புழுக்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மீன் வெட்டும்போது குடல் பக்கம் வாட்ச் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்கும் வெள்ளை நூலைப் பார்த்திருக்கிறீர்களா? மார்க்கெட்டில் வெட்டித் தருபவர்கள் பேச்சே இல்லாமல் அதை வழித்து எறிந்துவிடுவார்கள்.

படை எப்படிக் கிளம்புகிறது?

பாக்டீரியா மாதிரி சின்னதாக இருந்தால் ஒரு வெள்ளை அணு அப்படியே விழுங்கிவிடும். புழுவை விழுங்க முடியாது. ஒரு அணுவுக்குப் பக்கத்தில் வைத்தால் அது மலைப்பாம்பு. அதனால் உடல் வேறு வழி பார்க்கிறது: கொல்ல முடியாவிட்டால் வெளியே தள்ளு.

குடல் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 'டஃப்ட் செல்' என்ற அணுக்கள் இருக்கின்றன. தலையில் குச்சிக் குச்சியாக முடி வைத்த மாதிரி இருக்கும். இவை எதற்கு என்று ரொம்ப காலம் யாருக்கும் தெரியவில்லை. 2016ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் எலிகளை வைத்துக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் விடை சொன்னன: இவைதான் குடலின் காவல்காரர்கள். புழுவின் வாடை பட்டதும் இவை இன்டர்லூகின்-25 என்ற வேதிச் செய்தியை அனுப்புகின்றன. அதைக் கேட்ட அணுக்கள் இன்டர்லூகின்-13ஐச் சுரக்கின்றன. உடனே குடலில் சளி சுரக்கும் அணுக்கள் பெருகுகின்றன, குடல் தசை வேகமாக அசைகிறது. வழுக்கலும் தள்ளலும் சேர்ந்து புழுவை வெளியே கொண்டுபோகப் பார்க்கின்றன.

இன்னொரு பக்கம் இன்டர்லூகின்-5 எலும்பு மஜ்ஜைக்குப் போய் ஈசினோஃபில் தயாரிப்பைக் கூட்டுகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வருவது இந்த ஆள்சேர்ப்பின் விளைவுதான். கூடவே இன்டர்லூகின்-4 சொல்லி, பி அணுக்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்கின்றன. ஐஜிஇயை ஒரு வகையில் 'தேடப்படும் நபர்' போஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மாஸ்ட் செல் என்பது ஹிஸ்டமின் நிரப்பிய மூட்டை. அதே புரதம் மறுபடி வந்து ஐஜிஇயைத் தொட்டால் மூட்டை வெடிக்கும். தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், சிலருக்கு மூச்சுத்திணறல், மிகச் சிலருக்கு ரத்த அழுத்தமே சரிந்துபோகும் அனாஃபிலாக்ஸிஸ்.

புழு செத்து மாதங்கள் ஆகியிருக்கலாம். போஸ்டரை யாரும் கிழிப்பதில்லை.

'எனக்கு மீன் ஒத்துக்காது'

1990களில் ஸ்பெயின் டாக்டர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். மீன் சாப்பிட்டு அலர்ஜி வந்தவர்கள் சிலருக்கு மீன் புரதத்துக்கான டெஸ்ட் எடுத்தால் ஒன்றுமில்லை. அனிசாகிஸ் புரதத்துக்கு எடுத்தால் பாசிட்டிவ். அங்கே வினிகரில் ஊறவைத்த நெத்திலி மாதிரியான மீன் ரொம்பப் பிரபலம். வினிகரோ எலுமிச்சையோ வசாபியோ இந்தப் புழுவைக் கொல்வதில்லை. 2006ல் ஸ்பெயினும் அப்படிப்பட்ட மீனை முதலில் உறைய வைக்க வேண்டும் என்று ஆணை போட்டது.

இதில் நம்மைத் தொடும் சங்கதி ஒன்று இருக்கிறது. மீன் சாப்பிட்டுத் தடிப்பு வந்தால் "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று முடிவுகட்டி ஆயுசுக்கும் மீனை விட்டுவிடுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. ஆனால் தடிப்புக்குக் குறைந்தது மூன்று கதைகள் இருக்கலாம். ஒன்று, நிஜமான மீன் அலர்ஜி. மீன் தசையில் இருக்கும் பர்வால்புமின் என்ற புரதத்துக்கு எதிரானது. அது இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பல வகை மீன்களும் ஆகாது. இரண்டாவது அலர்ஜியே இல்லை. ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்த பாங்டா, சூரை மாதிரியான மீன்களில் பாக்டீரியாவே ஹிஸ்டமினைத் தயாரித்துவிடும். உடல் எதையும் வெடிக்க வேண்டியதில்லை, மூட்டை மீனோடு ரெடிமேடாக வருகிறது. கொதிக்க வைத்தாலும் அந்த ஹிஸ்டமின் போகாது. அன்று அதே மீனைச் சாப்பிட்ட எல்லோருக்கும் முகம் சிவந்திருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவதுதான் புழு.

இங்கே டெஸ்ட் ரிசல்ட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. புழுவின் தசையில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம் இறாலிலும் வீட்டுத் தூசிப் பூச்சியிலும் இருப்பதற்கு ரொம்ப நெருங்கிய சாயல் கொண்டது. மும்பை ஈரப்பதத்தில் மெத்தைத் தூசிக்கு அலர்ஜி உள்ள ஒருவருக்கு, பச்சை மீனையே பார்க்காமல் அனிசாகிஸ் ஐஜிஇ பாசிட்டிவ் வரலாம். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. போஸ்டரில் இருக்கும் முகம் இரண்டு பேருக்கும் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

சமைத்துச் செத்த புழுவும் அலர்ஜியைக் கிளப்புமா? நிபுணர்களுக்குள்ளேயே இதில் சண்டை இருக்கிறது. அனிசாகிஸின் சில புரதங்கள் சூட்டுக்கும் வயிற்று அமிலத்துக்கும் அசைந்து கொடுக்காதவை என்பது உண்மை. அதே சமயம், அனிசாகிஸ் அலர்ஜி உள்ள ஸ்பெயின் நோயாளிகளுக்கு உறைய வைத்துக் கொன்ற புழுவைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலருக்கு எதுவும் ஆகவில்லை என்பதும் உண்மை. ஆனால் படை முதன்முதலில் உசுப்பப்படுவது பெரும்பாலும் உயிருள்ள புழுவால்தான் என்பதில் அதிகம் கருத்து வேறுபாடு இல்லை. அந்த முதல் சந்திப்பைத் தடுக்க அடுப்பு போதும்.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு?

டேட்டா பார்ப்பது என் வேலை என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஜப்பானில் உணவு வழி நோய்களை டாக்டர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி ஒரு வருடத்தில் பதிவாகும் அனிசாகிஸ் சம்பவங்கள் சில நூறு. ஆனால் ஆய்வாளர்கள் மருத்துவக் காப்பீட்டு பில்களை வைத்து 2018, 2019 ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டபோது, வருடத்துக்குச் சுமார் 20,000 பேர் என்று வந்தது. ஊருக்கே தெரிந்த நோய், எண்டோஸ்கோப்பி தாராளமாகக் கிடைக்கும் நாடு. அங்கேயே இந்த இடைவெளி.

இந்தியாவில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள். மீன் நாடாப்புழு இந்தியாவில் ஒரு மனிதருக்கு வந்ததை முதன்முதலில் பதிவு செய்தது வேலூர் சிஎம்சி, 1998ல். 2007ல் புதுச்சேரியிலிருந்து இன்னொன்று வந்தது. இந்த நாடாப்புழு நாம் சாப்பிடும் பி12 வைட்டமினைக் குடலிலேயே அபகரித்துக்கொள்ளும். 1994ல் சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் இரண்டு நோயாளிகளின் கண்ணுக்குள் நாத்தோஸ்டோமா என்ற புழு இருந்ததை எழுதினார்கள். விரால் மாதிரியான நன்னீர் மீன்களும் தவளைகளும் சுமந்து திரியும் புழு அது. மனித உடலுக்குள் வந்தால் போக இடம் தெரியாமல் தோலுக்கடியிலும், சில சமயம் கண், மூளை வரையும் அலையும்.

ஹைதராபாத்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆஸ்துமாவுக்கு என்று உயிருள்ள விரால் குஞ்சை மருந்து வைத்து விழுங்கக் கொடுக்கும் வழக்கம் இங்கே ஞாபகம் வருகிறது. ஆஸ்துமாவும் இதே ஐஜிஇ, ஈசினோஃபில் படையின் வேலைதான் என்பதால் மட்டுமல்ல. நன்னீர் மீனை உயிரோடு விழுங்குவதை ஒட்டுண்ணியியல் படித்த யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள்.

மீன் சாப்பிடாமலே வந்த மீன் புழு

நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்த கதை வேறு. அதில் யாரும் மீன் சாப்பிடவே இல்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கிராமத்துப் பிள்ளைகள் கண் சிவந்து வந்தார்கள். கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு சின்ன முடிச்சு. காசநோயா, வேறு பூஞ்சையா என்று பார்த்தால் பொருந்தவில்லை. விசாரித்தால் ஒரு பொதுவான விஷயம் கிடைத்தது: ஊர்க் கண்மாயிலோ ஆற்றிலோ குளித்தவர்கள். 2002ல் டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் அவரது குழுவினரும் இது ஏதோ ஒரு தட்டைப்புழுவாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். எந்தப் புழு என்று சொல்ல 2016 வரை ஆனது. பிள்ளைகள் குளித்த நீர்நிலைகளில் இருந்த நத்தைகளைப் பிடித்து, அவை வெளிவிடும் இளம்புழுக்களின் டிஎன்ஏவையும், பிள்ளைகளின் கண்ணிலிருந்து எடுத்த முடிச்சின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டார்கள். ஷில்லாங் பல்கலைக்கழக ஒட்டுண்ணி நிபுணர்களும் இதில் சேர்ந்துகொண்டார்கள். பொருந்தியது. பெயர் புரோசெரோவம் வேரியம்.

இதன் வழக்கமான பயணம் இப்படி. நத்தைக்குள் பெருகும். வால் முளைத்த இளம்புழுவாகத் தண்ணீருக்குள் வரும். மீனைத் தேடி அதன் உடலைத் துளைத்து உள்ளே கூடு கட்டும். அந்த மீனைக் கொக்கோ நீர்க்காகமோ தின்றால் பறவையின் குடலில் பெரிதாகும். மே மாத வெயிலில் கண்மாயில் கண்ணைத் திறந்துகொண்டு முங்கும் ஒரு பையன் இந்தத் திட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் புழுவுக்கு அவன் கண்ணும் ஒரு மீன்தான்.

கண் என்பது எதிர்ப்புப் படை குரலைத் தாழ்த்திப் பேசும் இடம். லேசாக வீங்கினாலும் பார்வை போகும் என்பதால், உடலே அங்கே கலவரத்தை அடக்கி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வெளிப் புரதம் நுழைந்ததும் அணுக்கள் அதைச் சுற்றி மதில் கட்டுகின்றன. வெள்ளையாகத் தெரிந்த முடிச்சு புழு அல்ல, அந்த மதில். டாக்டர்கள் அதை கிரானுலோமா என்கிறார்கள். பார்வையைக் கெடுப்பதும் அதுதான். அதனால்தான் சின்ன முடிச்சுக்குக் கொடுக்கப்படும் மருந்து புழுவைக் கொல்வதாக இல்லாமல், நம் படையை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தாக இருக்கிறது. பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சையில் உறிஞ்சி எடுக்கிறார்கள்.

தாதரில் சாளுக்யா எக்ஸ்பிரஸ் ஏறிப் பிள்ளைகளோடு லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது வெறும் பொது அறிவு அல்ல. நத்தை மொய்க்கும் தேங்கிய தண்ணீரில் குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குக் கண் சிவப்பு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். கண் டாக்டரிடம் காட்டுங்கள். குளத்தில் குளித்ததை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மும்பை டாக்டருக்கு அந்தக் கேள்வி தோன்றாமல் போகலாம்.

சத்தமே போடாத புழுக்கள்

இதுவரை பார்த்தவை படையை உசுப்பிவிடுபவை. அதை அடக்கி வைத்துப் பிழைப்பவையும் உண்டு. வடகிழக்குத் தாய்லாந்தில் 'கோய் பிளா' என்று பச்சை நன்னீர் மீனைக் கொத்திச் செய்யும் உணவு உண்டு. அதன் வழியாக வரும் கல்லீரல் புழு பித்தக் குழாயில் பத்து, இருபது வருடம்கூடத் தங்கும். படையைச் சாந்தப்படுத்தும் சமிக்ஞைகளைத் தூண்டிவிட்டு, கூடவே காயத்தை ஆற்றும் ஒரு புரதத்தையும் சுரக்கும். ஆற்றும் புரதம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வருடக்கணக்காகக் காயமும் ஆறுதலும் மாறி மாறி நடக்கும் இடத்தில் அணுக்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. முடிவு பித்தக்குழாய் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லேயே இந்தப் புழுவைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உணவு வழியாக வரும் தட்டைப்புழுக்களால் உலகில் வருடத்துக்கு 2 லட்சம் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள், 7,000க்கும் மேல் சாகிறார்கள் என்பது அதே நிறுவனத்தின் 2015 மதிப்பீடு. தாய்லாந்துக்கு டூர் போகும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சமையலறையில் என்ன செய்வது?

மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட்டால் புழு சாகும். கொதிக்கும் குழம்பு 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, கோலிவாடா எண்ணெய் அதையெல்லாம் தாண்டியது. நம் பாட்டிகளின் குழம்பு இந்த விஷயத்தில் ஒரு நல்ல தொழில்நுட்பம். ஆபத்து வருவது வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும் தடித்த தவா ஃப்ரையில், நடு ரோஸாக இருக்கும்படி கேட்டு வாங்கும் ஸ்டேக்கில்.

பச்சையாகத்தான் வேண்டும் என்றால் உறைநிலைதான் பாதுகாப்பு. அமெரிக்க உணவுத் துறை சொல்வது மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35ல் 15 மணி நேரம். வீட்டு ஃப்ரீஸர் பெரும்பாலும் மைனஸ் 18ஐ ஒட்டித்தான் ஓடும், அதுவும் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஏறி இறங்கும். அதனால் மார்க்கெட்டில் 'ஃப்ரெஷ்' மீன் வாங்கி யூடியூப் பார்த்து வீட்டில் சஷிமி செய்வதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. சுஷிக் கடையில் "ஃப்ரோஸன் மீனா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், அதுதான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய பதில்.

பூச்சி மாத்திரை போட்டால் போதாதா? பள்ளிகளில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் கொடுக்கும் அல்பெண்டசோல் மண் வழியாக வரும் குடற்புழுக்களைக் குறிவைப்பது. மீன் நாடாப்புழுவுக்கும் கல்லீரல் புழுவுக்கும் பிராசிகுவான்டெல் என்ற வேறு மருந்து வேண்டும், அதையும் டாக்டர்தான் எழுத வேண்டும். அனிசாகிஸ் இரைப்பையில் குத்தி நின்றால் எண்டோஸ்கோப்பியில் இடுக்கி விட்டு எடுப்பார்கள். எடுத்த கொஞ்ச நேரத்தில் வலி நின்றுவிடும்.

பச்சை மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல் வயிற்றில் பிடுங்குகிற வலியோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால், சயான் ஹாஸ்பிட்டலோ தனியார் கிளினிக்கோ எங்கே போனாலும் மூன்று தகவலோடு போங்கள்: என்ன மீன், பச்சையா வெந்ததா, சாப்பிட்டு எத்தனை மணி நேரம். மூச்சு திணறினாலோ நாக்கு வீங்கினாலோ தகவலெல்லாம் அப்புறம், முதலில் கேஷுவாலிட்டிக்கு ஓடுங்கள்.